மலைக்காய்கறியில் கன உலோகம்: ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

தும்மனட்டி விவசாயி

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் இருந்து சென்னையில் ஒரு கடைக்கு வாராவாரம் கேரட்டும் பீட்ரூட்டும் அனுப்புகிறேன். இதுவரை பூச்சிமருந்து ரிப்போர்ட் மட்டும்தான் கேட்டார்கள். இப்போது காட்மியம், காரீயம், ஆர்சனிக், பாதரசம் என்று நான்கு பெயர் எழுதி அனுப்பி, இதற்கும் ரிப்போர்ட் வேண்டும் என்கிறார்கள். தர மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சாப்பிடுகிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகளும் அதே கேரட்டைத்தான் சாப்பிடுகிறார்கள்.

என்னிடம் இருக்கும் மண் அட்டையில் அமிலத்தன்மை (pH) 4.9, தழை மணி சாம்பல் அளவு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் இருக்கிறது. காட்மியம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பக்கத்தில் தொழிற்சாலையும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. அப்படி இருக்கும்போது இதெல்லாம் நம் காட்டுக்கு எப்படி வரும்? வந்தால் எவ்வளவு வந்தால் ஆபத்து? இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் புற்றுநோய் என்கிறது, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் ஆய்வு மாணவி

அண்ணா, நான் உணவு அறிவியலில் ஆய்வு செய்கிறேன். இந்தத் துறைக் கட்டுரைகளை வாசிப்பதுதான் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த ஆய்வுகளுக்கு அடித்தளம் போட்டவை ஜப்பானின் இரண்டு துயரங்கள். மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குப் போய் உண்டாக்கிய நோய் 1956இல் வெளியே தெரிந்தது. ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏறி, எலும்பு நொறுங்கும் 'இத்தாய்-இத்தாய்' நோயைக் கொண்டுவந்தது. 1968இல் ஜப்பான் அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. அப்போது, கண்ணுக்குத் தெரியும் நோய்க்குக் காரணம் எது என்று தேடினார்கள். இப்போது ஆய்வுகள் கேட்பது, எந்த நோயும் தெரியாத அளவில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் 30 வருடம் கழித்து சிறுநீரகம் என்ன ஆகும், குழந்தையின் மூளை வளர்ச்சி என்ன ஆகும் என்று. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும்.

2010இல் ஒரு பெரிய திருப்பம் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, காரீயத்துக்கு அதுவரை வைத்திருந்த வார வரம்பையே திரும்பப் பெற்றது. இதற்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று ஒரு கோடு போட முடியாது என்பதுதான் காரணம். ஆர்சனிக்கின் பழைய வரம்பும் அதே வருடத்தில் போனது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஆர்சனிக் கணக்கை இன்னும் இறுக்கியது.

சரி, உங்கள் கேரட்டுக்கு வருவோம். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், கிழங்கு வேர்க் காய்களில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காட்மியம் வரை அனுமதிக்கிறது. உங்கள் கேரட்டில் சரியாக அந்த 0.1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இது கணக்குக்காக மட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 100 கிராம் சாப்பிட்டால் நாளுக்கு 10 மைக்ரோகிராம் காட்மியம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). அதை எடையால் வகுத்து வாரத்துக்குப் பெருக்கினால், கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.2 மைக்ரோகிராம் வருகிறது. ஐரோப்பிய அமைப்பு 2009இல் வைத்த வார வரம்பு 2.5. ஆக, கேரட் ஒன்றே அதில் பாதியை எடுத்துக்கொள்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தை 50 கிராம் சாப்பிட்டால் வாரத்துக்கு 2.3, அதாவது கிட்டத்தட்ட முழு வரம்பும். காய் ஒன்றுதான், அதில் உள்ள அளவும் ஒன்றுதான். ஆனால் எந்த உடம்புக்குள் போகிறது என்பதைப் பொறுத்து விஷயம் மாறிவிடுகிறது.

அதே பெரியவர் தினமும் 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறார், அதில் 0.05 மட்டுமே இருக்கிறது என்று வையுங்கள். அது 1.75 ஆகிறது. கேரட்டில் இருப்பதில் பாதிதான் அரிசியில், ஆனாலும் உள்ளே போவது கேரட்டை விட அதிகம், ஏனென்றால் சாப்பிடும் அளவு அதிகம். ஒரு காயை மட்டும் தனியாக எடுத்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரைகளை நான் அதிகம் நம்புவதில்லை. ஒரு வீட்டில் ஒரு நாளில் சாப்பிடும் மொத்தத்தையும் சமைத்த நிலையில் எடுத்து அளக்கும் ஆய்வுகள்தான் உண்மைக்கு அருகில் வருகின்றன. நம் மாதிரி ரேஷன் அரிசியும் மலைக்காயும் சேர்த்துச் சாப்பிடுகிற ஊர்களில் அப்படி ஓர் ஆய்வு அவசியம் வேண்டும்.

மேட்டுப்பாளையம் மண்டி கணக்கர்

விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எனக்கு ஒரு கவலை. இதைப் பாதி படித்துவிட்டு யாராவது 'ஊட்டி கேரட்டில் விஷம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாளே விலை விழுந்துவிடும். சமவெளியில் இருந்தும் கேரட் வருகிறது, கர்நாடகாவில் இருந்தும் வருகிறது. அடி விழுவது மலைக்காரர்களுக்கு மட்டும். அளக்கச் சொல்வதை நான் தடுக்கவில்லை. அளப்பதை எல்லா ஊர்க் காயிலும் அளக்கட்டும். மேலே சொன்ன 0.1 யாரும் இங்கே அளந்து கண்டது இல்லை, வெறும் உதாரணம் என்பதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

குன்னூர் ஆய்வு மாணவி

ஆமாம் அண்ணா, வெறும் உதாரணம்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐரோப்பிய வரம்பு வாரத்துக்கு 2.5 என்றால், நான் முன்பு சொன்ன சர்வதேச நிபுணர் குழு 2010இல் காட்மியத்துக்கு வைத்தது மாதத்துக்கு 25. வாரக் கணக்கில் அது சுமார் 5.8. இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே தரவைப் பார்த்தவைதான், கணக்கிட்ட முறை வேறு. ஒரு ஆய்வில் 'வரம்பு மீறியது' என்று வந்தால் எந்த வரம்பு என்று கேட்காமல் யாரும் பகிரக் கூடாது.

ஓய்வு பெற்ற மண் ஆய்வாளர், ஊட்டி

தும்மனட்டி தம்பியின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆலை இல்லாத மலையில் காட்மியம் எப்படி வரும்?

பாறையிலேயே கொஞ்சம் இருக்கும். அதற்கு மேல் சேர்வது முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் வழியாக. சூப்பர், காம்ப்ளக்ஸ், ராக் பாஸ்பேட் எல்லாவற்றுக்கும் மூலம் பாஸ்பேட் பாறை. கடலடியில் படிந்து உருவான பாறையில் காட்மியம் அதிகமாக இருக்கும், எரிமலைக் குழம்பில் உருவான பாறையில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் உரத்தில் மணிச்சத்தைக் கணக்கிடும் அளவான பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் கேரட்டும் கிழங்கும் எடுக்கிற நம் காட்டில் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறோம். ஒரு வருடத்தில் சேர்வது சொற்பம்தான், ஆனால் அது மண்ணை விட்டுப் போவதில்லை.

அடுத்தது கோழி எரு. நாமக்கல் பக்கமிருந்து லாரி லாரியாக ஏறி வருகிறது. கோழித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பதால் எருவிலும் அவை இருக்கும். நகரக் குப்பை உரம் வாங்குகிறவர்கள் கட்டாயம் ரிப்போர்ட் கேளுங்கள். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அதற்குத் தெளிவான வரம்பு இருக்கிறது, கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100, பாதரசம் 0.15.

ஆனால் என்னைக் கேட்டால், எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட மண் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா, பயிருக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். இந்த எண் குறையக் குறைய மண்ணில் அமிலம் அதிகம். 4.9 அமிலத்தன்மை உள்ள மண்ணில் காட்மியம் கரைந்து வேருக்குப் போகும். அதே மண் 6க்கு மேல் வந்தால் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நீலகிரி மண்ணில் மட்கு அதிகம், அது நமக்குக் கிடைத்த கொடை, உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும். அடித்துப் பெய்கிற மழையில் சுண்ணாம்புச் சத்து கழுவிப் போவதுதான் நமக்குப் பாதகம்.

ஆகவே டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு போடுங்கள். கோஸில் வேர் வீங்கும் நோய்க்கும் அது நல்லது. ஆனால் அடுத்து உருளை போடப் போகிற பாத்தியில் அளவோடு இருங்கள், கார மண்ணில் கிழங்குக்குச் சொறி வரும். தேயிலைக்கு அமில மண்தான் வேண்டும், அந்தப் பக்கம் இந்த யோசனையைக் கொண்டு போகாதீர்கள்.

பொட்டாஷில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1994இல் வந்த ஆய்வு, உப்புத் தன்மை கூடிய நிலத்து உருளையில் காட்மியம் அதிகம் என்று காட்டியது. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை வேர் வரை இழுத்து வருகிறது. நாம் போடும் சிவப்பு பொட்டாஷ் குளோரைடு வகை. முடிந்தவர்கள் கிழங்குக்காவது சல்பேட் வகைக்கு மாறலாம், விலை அதிகம் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். துத்தநாகக் குறை உள்ள மண்ணிலும் பயிர் காட்மியத்தை அதிகமாக எடுக்கும், அதனால் அட்டையில் துத்தநாகம் குறைவு என்றால் அதைச் சரி செய்வதில் இரட்டை லாபம்.

தும்மனட்டி விவசாயி

சார், இவ்வளவு நாள் சுண்ணாம்பு என்றால் விளைச்சலுக்கு மட்டும் என்று நினைத்திருந்த நிறையப் பேருக்கு இது புதுச் செய்தி. இன்னொன்று கேட்கிறேன். கேரட்டை மெஷினில் கழுவித்தான் லோடு ஏற்றுகிறோம். அதில் உலோகம் போய்விடாதா?

குன்னூர் ஆய்வு மாணவி

ஒரு பாதி போகும், ஒரு பாதி போகாது அண்ணா. காரீயம் வேரில் இருந்து மேலே ஏறத் தயங்கும் உலோகம், காயில் காண்பதில் நல்ல பங்கு தோலில் ஒட்டிய மண்ணும் தூசியும்தான். காட்மியம் சதைக்குள்ளேயே இருக்கும், எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாது.

கழுவும் மெஷினில் இருந்து வரும் கேரட்டை எடுத்துப் பாருங்கள். உடம்பு பளபளவென்று இருக்கும். தழை ஒடித்த கொண்டைப் பகுதியில், அந்தக் குழியைச் சுற்றி, செம்மண் கோடு மாதிரி அப்படியே நிற்கும். பக்கவேர் முளைத்த சின்னச் சின்ன வெடிப்புகளிலும் மண் இருக்கும். வீட்டில் கொண்டையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டித் தள்ளி, தோலைச் சீவினால் காரீயத்தில் நல்ல குறைவு கிடைக்கும். ரோட்டோரத் தோட்டம் என்றால் இது இன்னும் முக்கியம். காரீயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டது, ஆனால் அதற்கு முன் மலைப்பாதை ஓரத்தில் படிந்தது மேல்மண்ணில் லேசில் போகாது. கழுவும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், ஊர்ச் சாக்கடை கலக்கிற ஓடையில் கழுவினால் பிரயோஜனம் இல்லை.

மன்னவனூர் பூண்டுக்காரர்

பழனி மலைப் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பாதரசம் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை, 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு பிடிபட்டு மூடப்பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது, 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஆலை நிறுவனத்தோடு ஒரு தீர்வு வந்தது. என் கேள்வி, இங்கே விளையும் பூண்டு, பீன்ஸ், கிழங்கில் பாதரசம் இருக்குமா? டூரிஸ்ட்கள் கேட்டால் என்ன சொல்வது?

குன்னூர் ஆய்வு மாணவி

அண்ணா, பாதரசம் நடந்துகொள்வது காட்மியம் மாதிரி இல்லை. மண்ணில் உள்ள பாதரசத்தை வேர் அவ்வளவாக மேலே அனுப்பாது. ஆவியாகக் காற்றில் போவதைத்தான் இலைகளும் பாசியும் மரத்தில் படரும் கற்பாசியும் பிடித்து வைக்கும். கொடைக்கானலில் ஆய்வாளர்கள் கற்பாசியைச் சேகரித்து அளந்ததற்குக் காரணம் அதுதான்.

உணவு வழியில் நாம் பார்க்க வேண்டியது மீன். ஏரியின் அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை, உடம்பில் எளிதில் சேரும் மெத்தில் பாதரசமாக மாற்றும். சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறும்போது அளவு பெருகிக்கொண்டே போகும். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு கொடைக்கானல், பேரிஜம், கூக்கால் ஏரிகளை ஒப்பிட்டு, கொடை ஏரியின் சேற்றில் பாதரசம் மற்ற இரண்டையும் விட அதிகம் என்று காட்டியது. அந்த ஏரி மீன்களையும் அளந்தார்கள். மெத்தில் பாதரசத்துக்கு சர்வதேசக் குழுவின் வரம்பு வாரத்துக்குக் கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் மனதில் வைத்து 2003இல் பாதியாகக் குறைத்தது அது.

சமீப ஆய்வுகளில் என்னை மிகவும் பாதித்தது சீனாவின் குய்சோ மாகாணத்தில் இருந்து வந்தது. பாதரசச் சுரங்கம் இருந்த உள்நாட்டு ஊர்கள், மீன் சாப்பிடுவது குறைவு. ஆனால் நீர் தேங்கும் நெல்வயல் ஏரிச்சேறு போலவே மெத்தில் பாதரசத்தை உண்டாக்கி, அரிசி வழியாக மக்களுக்குக் கொடுத்திருந்தது. மன்னவனூர் மேட்டுக்காட்டில் தண்ணீர் தேங்காது, பூண்டு வேறு பயிர். அதனால் உங்கள் பூண்டைப் பார்த்துப் பயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆலை இருந்த இடத்திலிருந்து வழியும் பாம்பாறு ஓடைப் பக்கம் பிடிக்கிற மீன், பறிக்கிற கீரை பற்றித்தான் தொடர்ந்து அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். அதை எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

கூடலூர் செவிலியர்

எல்லாரும் மண்ணையும் காயையும் பேசுகிறீர்கள், நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். கிராமத்துப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் இரும்பை இழுக்கும் வாசலை அகலத் திறந்து வைக்கும், அதே வாசல் வழியாகக் காட்மியமும் உள்ளே வரும். ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் கணவனை விட மனைவிக்கு அதிகம் ஏற இது ஒரு காரணம். சாப்பிட்ட கையோடு ஸ்ட்ராங்காக டீ குடிக்கும் பழக்கம் இரும்பு சேர்வதைக் குறைக்கும். தோட்டத்து அக்காமார்களே, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையை மூலையில் போடாதீர்கள்.

காரீயம் குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பெரியவர்கள் சாப்பாட்டில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் உறிஞ்சுவார்கள், சின்னக் குழந்தைகள் பாதி வரை. 2020இல் யுனிசெஃப் அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் என்றது. அதற்குக் காய்கறி மட்டும் காரணம் இல்லை. பேட்டரி உருக்கும் இடம், பெயின்ட், மலிவான அலுமினியப் பாத்திரம், நிறம் ஏற்றிய மஞ்சள்தூள் எல்லாம் உண்டு. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் என்ற காரீயம் கலந்த மஞ்சள் நிறமியைத் தேய்த்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அரசு இறங்கி நடவடிக்கை எடுத்தது. சந்தையில் காரீயம் கண்ட மஞ்சள் மாதிரிகள் 47 சதவீதத்தில் இருந்து 2021இல் பூஜ்யத்துக்கு வந்தன. இரண்டே வருடம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை கொடுத்த செய்தி அது. விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள், உதிரித் தூள் வேண்டாம்.

உடம்பில் இருந்து உலோகத்தை இழுத்து வெளியேற்றும் என்று விற்கிற பொடி, டானிக் எதையும் நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போய் ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி சிறுதேயிலை

டீ பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. கொப்புள நோய்க்குக் காப்பர் அடிக்கிறோம். அது தூளில் வராதா?

குன்னூர் ஆய்வு மாணவி

வரும் அண்ணா, அதனால்தான் தேயிலையில் தாமிரத்துக்கு இந்தியாவில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று வரம்பு. தென்னிந்திய டீத்தூள் பற்றி உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் எழுதிய கட்டுரையில், பார்த்த உலோகங்கள் வரம்புக்குள் இருந்தன. அதே காலத்தில் அவர்கள் குரோமியத்தைத் தேடிப் போன இடம்தான் சுவாரசியம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ஆலையில் பல் வைத்த இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுற்றும், இலை அதற்கு நடுவே நசுங்கும். பல் மழுங்கினால் மறுபடி தீட்டுவார்கள். அந்தத் தேய்மானத்தில் எஃகின் குரோமியம் தூளில் சேர்கிறது என்று கண்டார்கள். ஆக உலோகம் தோட்டத்தில் மட்டும் ஏறுவதில்லை, ஆலையிலும் ஏறும்.

நல்ல விஷயம், நாம் தூளைத் தின்பதில்லை, வடிகட்டிய சாறைத்தான் குடிக்கிறோம். சாறில் இறங்குவது தூளில் இருப்பதில் ஒரு பகுதிதான். 2025இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு தலைகீழாகப் பார்த்தது. காரீயம் கலந்த தண்ணீரில் டீ போட்டால் இலையே சுமார் 15 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம்.

இப்போதைய ஆய்வுகளில் இதுதான் முக்கியமான போக்கு. பொருளில் எவ்வளவு இருக்கிறது என்று நிறுத்தாமல், இரைப்பை, குடல் நீர்மங்களைச் செயற்கையாகத் தயாரித்து அதில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். அரிசியில் அதுபோலச் சமையலைப் பார்த்தார்கள். 2020இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், அரிசியை 5 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வெள்ளை அரிசியில் 70 சதவீதத்துக்கு மேல் ஆர்சனிக் போகிறது என்று காட்டினார்கள். நம் பாட்டிமார் கஞ்சி வடித்துச் சோறாக்கியதிலும் இந்தப் பலன் உண்டு. குக்கரில் அது கிடைக்காது.

தும்மனட்டி விவசாயி

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து பொதுவாக ஒரு சோதனை செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். மண், கேரட் இரண்டும். எப்படி எடுத்து அனுப்ப வேண்டும் என்று சார் சொன்னால் நல்லது.

ஓய்வு பெற்ற மண் ஆய்வாளர், ஊட்டி

நல்ல முடிவு. ஒரே மாதிரி உரம் போடுகிற நிலங்களை ஒரு தொகுதியாக வையுங்கள். ரோட்டோரம், ஓடையோரம் இரண்டும் தனித்தனிப் பை. வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், 15 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். மண்வெட்டி பட்ட பக்கத்து மண்ணை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு நடு மண்ணை மட்டும் எடுக்க வேண்டும். தகர வாளி கூடாது, அதன் பூச்சில் துத்தநாகம் இருக்கிறது, அதோடு காட்மியமும் ஒட்டிக்கொண்டு வரலாம். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் பிளாஸ்டிக் தாள் மேல் உலர்த்துங்கள். செய்தித்தாள் வேண்டாம். கேரட்டையும் அதே இடங்களில் இருந்தே பிடுங்குங்கள். பாதியை மெஷினில் கழுவியபடியும், பாதியை வீட்டில் சமைக்கிற மாதிரி கொண்டை வெட்டித் தோல் சீவியும் அனுப்பினால், எது மண்ணில் ஒட்டியது, எது உள்ளே ஏறியது என்று பிரித்துப் பார்க்கலாம்.

லேபில் மொத்தக் காட்மியத்தோடு, பயிருக்குக் கிடைக்கும் காட்மியமும் அமிலத்தன்மையும் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வகங்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் அந்த லேபுக்கு எந்தெந்த உலோகத்துக்கு என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். அவர்கள் கருவி எந்த அளவு வரை பார்க்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 0.1 வரம்புள்ள காய்க்கு 0.5க்குக் கீழே பார்க்கத் தெரியாத கருவி எதற்கும் ஆகாது. கோழி எருவும் நீங்கள் வாங்கும் காம்ப்ளக்ஸும் ஒவ்வொரு பை சேர்த்து அனுப்புங்கள். மழை விட்டதும் தேதி சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

மன்னவனூர் பூண்டுக்காரர்

முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள் அண்ணா, நல்லதோ கெட்டதோ. எங்கள் பக்கமும் அதே முறையில் எடுத்து அனுப்புகிறோம், இரண்டு மலையையும் வைத்துப் பார்க்கலாம்.